பந்தியில் இடம் தந்தோம். அவையில் இடம் எங்கே?

1990 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தின் கடைசி நாட்கள். கற்பிட்டிக் கரையில் வள்ளங்கள் வந்து ஒதுங்கின. அவற்றில் மீன் இல்லை; மனிதர் இருந்தனர். மன்னார்த் தீவிலிருந்து ஐம்பது மைலுக்கு மேற்பட்ட கடலைக் கடந்து, நனைந்த உடையோடு முதியோர் வந்தனர். கைக்குழந்தைகளோடு தாய்மார் வந்தனர். வழியிலே கடலுக்குப் பலியானோரும் உண்டு. யாழ்ப்பாணத்திலிருந்தும் வன்னியிலிருந்தும் தரை வழியே வவுனியாவை அடைந்து, பின்னர் புத்தளம் சேர்ந்தோர் வேறு. வட மாகாணத்து முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேர் இரண்டு வார காலத்துக்குள் பிறந்த மண்ணை விட்டு விரட்டப்பட்டனர். அவர்களுள் மிகப் பெரும்பாலோருக்குப் புகலிடமானது புத்தளம் மாவட்டக் கரையோரமே.

கரையில் நின்றோர் என்ன செய்தனர்? எவ்வூர், எக்குடி, எத்தனை நாள் தங்குவீர் என்று கேட்டுக்கொண்டு நின்றார்களா? இல்லை. அடுப்பை மூட்டினர். பள்ளிவாசல்களையும் பாடசாலைகளையும் திறந்துவிட்டனர். உடுத்த உடை கொடுத்தனர். தென்னந்தோட்டங்களில் குடிசை போட இடம் கொடுத்தனர். அரசாங்கத்தின் உத்தரவு வருமுன்னே, வெளிநாட்டு நிறுவனங்களின் வாகனங்கள் வருமுன்னே, புத்தளத்து மக்களின் கஞ்சி வந்தது. இலங்கையின் அண்மைக்கால வரலாற்றில் பொதுமக்கள் செய்த அறச்செயல்களை எண்ணினால் முதல் வரிசையில் வைக்க வேண்டியது இது.

அந்தக் கரையை வணங்குகின்றோம். வணங்கிய கையோடு ஒரு கேள்வியையும் அதன்முன் வைக்கின்றோம்.

அன்று முகாமில் பிறந்த குழந்தை இன்று பிள்ளைகளுக்குத் தாயாகிவிட்டாள். அவள் கற்றது புத்தளத்துப் பாடசாலை. குடித்தது புத்தளத்துக் கிணற்று நீர். மணம் முடித்தது புத்தளத்து மண்ணில். ஆயினும் சந்தையில், பாடசாலை வாயிலில், பேருந்து நிலையத்தில், அவளைச் சுட்டும்போது வரும் சொல் எது? ‘அகதி’. அவளுடைய பிள்ளைக்கும் அதே சொல். அகதிப் பெயர் என்ன பரம்பரைச் சொத்தா? பாட்டனிடமிருந்து பேரனுக்கு உறுதி எழுதிக் கொடுக்கும் காணியா?

முதலில் நமது குற்றம்

பிறரைக் கேட்குமுன் நம்மைக் கேட்பதே முறை. தமிழ்ப் பத்திரிகையில் தமிழருக்கு எழுதும் நாம் இதை ஒளித்துவைத்தல் ஆகாது. இம்மக்களை விரட்டியது சிங்களப் படையன்று. தமிழரின் பேரால் துப்பாக்கி ஏந்திய விடுதலைப் புலிகள் இயக்கமே விரட்டியது. 1990 ஒக்டோபர் 30 ஆம் நாள் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை ஜின்னா மைதானத்துக்கு அழைத்து, இரண்டு மணி நேரத்தில் வெளியேறுமாறு கட்டளையிட்டனர். கடையும் வீடும் நகையும் பறிபோயின. தலைமுறை தலைமுறையாக நம்மோடு தமிழ் பேசி, நமக்கு உடை தைத்து, நம்மோடு வாங்கி விற்று வாழ்ந்தவர் ஒரு பிற்பகலில் அந்நியராயினர்.

நாம் என்ன செய்தோம்? பெரும்பாலோர் கதவைச் சாத்திக்கொண்டோம். அச்சத்தால் என்று சொல்லலாம், அது உண்மையே. ஆனால் அச்சம் நீங்கிய பின்னரும் எத்தனை பேர் வாய் திறந்தோம்?

1949 டிசம்பரில் செல்வநாயகமும் அவர் தோழரும் தமிழரசுக் கட்சியைத் தொடங்கியபோது, ‘தமிழ் பேசும் மக்கள்’ என்ற சொல்லை மேடைதோறும் முழங்கினர். வடக்குத் தமிழரும் கிழக்குத் தமிழரும் முஸ்லிம்களும் ஒரே மொழியால் ஒரே மக்கள் என்பது அதன் பொருள். 1956 ஆம் ஆண்டுத் தேர்தலில் கிழக்கிலே முஸ்லிம் வேட்பாளரும் அக்கட்சியின் பேரால் வென்றனர். அந்தச் சொல்லுக்கு நாற்பத்தொரு வயதும் நிரம்பாத நிலையில், அதன் ஓர் உறுப்பை நாமே வெட்டி எறிந்தோம். 2002 ஏப்ரலில் கிளிநொச்சியில் நடந்த செய்தியாளர் கூட்டத்தில், அது ஓர் அரசியல் தவறு என்று அன்டன் பாலசிங்கம் ஒப்புக்கொண்டார். பன்னிரண்டு ஆண்டு கழித்து வந்தது அந்த ஒப்புதல். விரட்டியவர் தம் தவறை ஒப்புக்கொண்ட பின்னும், பார்த்துக்கொண்டிருந்த நாம் இன்னும் தயங்குவது ஏன்?

நாம் விரட்டினோம், புத்தளம் ஏற்றது. ஆகவே புத்தளத்தாரிடம் நாம் கேள்வி கேட்பது கடனாளி கடன் கொடுத்தவனிடம் பேசுவது போன்றது. அந்த நாணத்தோடுதான் பேசுகின்றோம்.

இக்கரையில் வராதவர் யார்?

‘வந்தவர் வந்தவர்தாம், ஊரார் ஊரார்தாம்’ என்று சொல்வோர் உளர். அவர்களை அழைத்துக்கொண்டு இக்கரையோரமாக ஒருமுறை நடந்துவர விரும்புகின்றோம்.

1344 ஆம் ஆண்டில் மொரோக்கோ நாட்டுப் பயணி இபின் பத்தூத்தா வந்து இறங்கியது புத்தளத்தில். அவரை ஏற்றவர் யார்? யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தி. மொழி வேறு, மதம் வேறு, நிறம் வேறு. மன்னரோ பாரசீக மொழியில் அவரோடு உரையாடினார்; முத்துகளைப் பரிசளித்தார்; பாவா ஆதம் மலைக்குச் செல்லப் பல்லக்கும் வழித்துணையும் கொடுத்தனுப்பினார். துணை சென்றவருள் யோகிகளும் இருந்தனர், பிராமணரும் இருந்தனர். தமிழ் மன்னன் ஒருவன் முஸ்லிம் பயணியை வரவேற்ற துறை புத்தளம் என்பதைத் தமிழரும் மறந்தோம், புத்தளத்தாரும் மறந்தனர்.

தெற்கே உடப்புக்கு வாருங்கள். திரௌபதை அம்மன் கோயில் வீதியில் நின்று கேளுங்கள். தம் முன்னோர் இராமேசுவரக் கரையிலிருந்து வள்ளமேறி வந்தவர் என்பது அம்மக்கள் வழிவழியாகச் சொல்லும் செய்தி. புத்தளம் நகருக்கு அருகே சிறாம்பியடிக்குச் செல்லுங்கள். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் காலங்களில் படைவீரராகக் கொண்டுவரப்பட்ட ஆபிரிக்க மக்களின் வழித்தோன்றல்கள் அங்கே தம் மஞ்சாப் பாட்டோடு வாழ்கின்றனர். கற்பிட்டிக் கடலோரத்தில் மீன்பிடிப் பருவம் தோறும் சிலாபத்தினின்றும் நீர்கொழும்பினின்றும் வந்து வாடி போட்டவர் சிலர் அங்கேயே குடியாயினர். தலவில அன்னம்மாள் கோயில் திருவிழாவிலும் முன்னேசுவரத்துத் திருவிழாவிலும் கூடும் கூட்டத்தில் தமிழர் எவர், சிங்களவர் எவர் என்று பிரித்துப் பார்ப்பார் இல்லை.

‘தமிழ் புளூராக்’ என்னும் புலவர் வரலாற்று நூலை 1859 இல் ஆங்கிலத்தில் எழுதி வெளியிட்ட சைமன் காசிச்செட்டி பிறந்தது கற்பிட்டியில். அவர் பிறந்த செட்டிகுலமும் இந்தியக் கரையிலிருந்து வாணிபத்துக்காக வந்த குலமே. வந்தவர் வீட்டில் பிறந்தவர்தாம் தமிழ்ப் புலவரின் வரலாற்றை உலகுக்கு எடுத்துச் சொன்னார்.

ஆகவே, முதலில் வந்தவர் யார் என்ற வழக்கை நாம் தொடங்கினால் அதற்குத் தீர்ப்பே கிடையாது. முந்நூறு ஆண்டுக்கு முன் வந்தவர், முப்பது ஆண்டுக்கு முன் வந்தவரை ‘வந்தவர்’ என்கின்றார். வேற்றுமை காலத்தில் மட்டுமே உள்ளது.

முறைப்பாடு பொய்யன்று

புத்தளத்தாரின் முறைப்பாட்டை நாம் தள்ளிவிடவில்லை. வந்தோர் தொகை சிறிதன்று. புத்தளம், கற்பிட்டி, முந்தல், வண்ணாத்திவில்லு ஆகிய நான்கு பிரதேசங்களில், முன்னரே வறுமையோடு மல்லாடிய மக்களிடையே, பல பத்தாயிரம் பேர் ஓரிரு வாரங்களில் வந்து குடியேறினர். நெருக்கடியான வகுப்பறையில் மேலும் பிள்ளைகள். நீண்ட மருத்துவமனை வரிசையில் மேலும் நோயாளர். நிவாரண அரிசி முகாமுக்கு வந்தது. முகாமின் வேலிக்கு வெளியே அதே பசியோடிருந்த உள்ளூர் ஏழைக்கு வரவில்லை. மாவட்ட அடிப்படையில் பல்கலைக்கழக இடம் பங்கிடப்படும் நாட்டில், ‘எம் பிள்ளைகளின் இடம் போகின்றதே’ என்று பெற்றோர் ஏங்கியதும் இயல்பே.

இவை யாவும் உண்மை. ஆனால் இவற்றுக்குக் குற்றவாளி யார்? இரண்டு மணி நேர அவகாசத்தில் வீட்டை விட்டு வந்தவனா? மக்கள் தொகை பெருகிய இடத்துக்கு ஆசிரியரையும் மருத்துவரையும் கட்டடத்தையும் அதே அளவில் பெருக்காத அரசாங்கங்களா? பத்துப் பேருக்கு ஐந்து தட்டு வைத்துவிட்டு எழுந்து போனவனை விட்டுவிட்டு, பந்தியில் அமர்ந்தோர் ஒருவர் கையை ஒருவர் பற்றி முறுக்குவது அறிவுடைமை ஆகுமா? கட்சிகள் மாறின, அமைச்சர்கள் மாறினர். இரு பக்கத்தாரும் ஒரே குரலில் கேட்டிருந்தால் கிடைத்திருக்கக்கூடிய பாடசாலைகளும் வைத்தியசாலைகளும், இரு குரலில் கேட்டமையால் கிடைக்காமற் போயின.

‘அகதிகள் வந்து கூலி குறைந்தது’ என்பர். கமக்காரரே, உங்களிடம் வெளிப்படையாகவே கேட்கின்றோம். கற்பிட்டி மணலில் வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் விளைந்தன. முகாமிலிருந்து வந்த பெண்கள் நாற்று நட்டனர், களை பிடுங்கினர், அறுவடை செய்தனர். அவர்களுக்குக் குறைந்த கூலியைக் கொடுத்த கை எவருடையது? பசித்தவன் குறைந்த கூலிக்கு இசைந்தான் என்பது அவன் குற்றமாகுமா? அவனுடைய பசியை இலாபக் கணக்கில் எழுதிக்கொண்டவனை விட்டுவிட்டு, உள்ளூர்க் கூலியாளும் வந்த கூலியாளும் பகைத்துக்கொண்டனர். வேலைக்கு ஒரே கூலி என்று அன்றே இருவரும் சேர்ந்து நின்றிருந்தால் எவர் கூலியும் குறைந்திருக்காது.

நீருக்கும் இதே கணக்கு. கற்பிட்டித் தீபகற்பத்தின் நன்னீர், மணலுக்கடியில் உவர்நீரின்மேல் மிதக்கும் மெல்லிய படலம். அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழிருக்கும் உவர் மேலேறும். அளவுக்கு மிஞ்சி உரமிட்டால் அது மணலூடே இறங்கிக் குடிநீரில் கலக்கும். இறைப்பவன் உள்ளூரானா வந்தவனா என்று அந்த நீர்ப்படலம் கேட்பதில்லை. ஒரு தோட்டத்தின் கிணறு உவர்த்தால் அடுத்த தோட்டத்தின் கிணற்றுக்கும் ஆபத்து. அதைக் காக்க வேண்டுமாயின், அதில் நீர் அள்ளும் எல்லாரும் ஒரே அவையில் அமர்ந்து பேசியே ஆக வேண்டும். பாதிப் பேரை வெளியே நிறுத்திவிட்டு நீரைக் காக்கும் வழி உலகில் எங்கும் இல்லை.

கொழும்பின் குப்பையைக் கொண்டுவந்து அறுவக்காட்டில் கொட்டும் திட்டத்தை எதிர்த்து 2018 ஆம் ஆண்டிலும் 2019 ஆம் ஆண்டிலும் புத்தளம் மக்கள் கிளர்ந்தனர். அக்குப்பையின் நாற்றம் அகதி வீடு எது, ஊரார் வீடு எது என்று பார்த்து வீசுமா? நுரைச்சோலையில் 2011 முதல் இயங்கும் நிலக்கரி மின் நிலையத்தின் தூசி, பெயர் கேட்டா கூரையில் படிகின்றது? துன்பம் வரும்போது எல்லாரும் புத்தளத்தார். பங்கு வைக்கும்போது மட்டும் இரு கூட்டத்தார். இது என்ன நியாயம்?

விருந்தாளி வேறு, அயலவன் வேறு

இக்கட்டுரையில் நாம் வலியுறுத்த வந்தது ஒன்றே. விருந்தோம்புவது பேரறம், ஆனால் அது போதாது.

விருந்தாளிக்குப் பாய் விரிக்கின்றோம். நல்ல சோறு போடுகின்றோம். அவன் நம் வீட்டு வழக்கில் வாய் திறப்பதில்லை. கூரை ஒழுகினாலும் குறை சொல்வதில்லை. நன்றி சொல்லிக்கொண்டே இருக்கின்றான். மூன்று நாளைக்கு இது இன்பம். முப்பது ஆண்டுக்கு இது அடிமைத்தனம். முப்பது ஆண்டாக ஒருவன் நன்றி மட்டுமே சொல்லிக்கொண்டிருக்க வேண்டுமாயின், அவனுக்கு நாம் இட்ட சோறு நாளடைவில் கசந்துபோகும்.

அயலவன் அப்படியல்லன். அவன் நம்மோடு சேர்ந்து வீதி போடுவான். நம்மோடு வாதிடவும் செய்வான். பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் அவனும் உறுப்பினன். பள்ளிவாசல் நிருவாகத்தில் அவனுக்கும் வாக்கு. கமக்கார அமைப்பில் அவனும் பொருளாளனாகலாம். மீனவர் சங்கத்தில் அவனும் கணக்குக் கேட்கலாம். பந்தியில் இடம் கொடுத்தால் அவன் விருந்தாளி. அவையில் இடம் கொடுத்தால்தான் அவன் அயலவன்.

2007 ஆம் ஆண்டில் உலக வங்கியின் உதவியோடு புத்தளம் வீடமைப்புத் திட்டம் தொடங்கிற்று. கிடுகுக் குடிசை நின்ற இடங்களில் கல்வீடுகள் எழுந்தன. குடிசை போயிற்று; அகதி என்ற பெயர் போகவில்லை. கல்லும் சீமெந்தும் கொண்டு வீடு கட்டலாம். ஊரைக் கட்டுவதற்கு ஊராரின் மனம் வேண்டும்.

வாக்குரிமையில் நடந்ததைப் பாருங்கள். புத்தளத்தில் வாக்காளராகப் பதிந்தால் வடக்கிலுள்ள காணிக்கும் வீட்டுதவிக்கும் உள்ள உரிமை குன்றுமோ என்ற அச்சம். வடக்கில் பதிந்தால், வாழும் ஊரில் கேட்பாரற்றவர். வாழ்வது இங்கே, வாக்கு அங்கே. இடம்பெயர்ந்தோரின் வாக்காளர் பதிவுக்கென 2013 இல் பாராளுமன்றம் தனிச் சட்டமே இயற்ற நேர்ந்தது. 2019 நவம்பர் 16 ஆம் நாள், சனாதிபதித் தேர்தலன்று, புத்தளத்திலிருந்து மன்னாருக்கு வாக்களிக்கச் சென்றோரின் பேருந்து வரிசையைத் தந்திரிமலையில் தடை போட்டு மறித்தனர், கல்லெறிந்தனர், துப்பாக்கியாலும் சுட்டனர். நற்பேறாக உயிர்ச்சேதம் இல்லை. வெளியேற்றப்பட்டு இருபத்தொன்பது ஆண்டு கழிந்தும், ஒரு வாக்குச் சீட்டைப் பெட்டியிலிடக் காட்டு வழியே குண்டுக்குத் தப்பிச் செல்ல வேண்டிய குடிமக்களும் இந்நாட்டில் இருந்தனர். அவர்கள் எந்த ஊரார்? இரண்டு ஊரும் ‘எம்மவர்’ என்று சொல்லாமையால் வந்த வினை அன்றோ இது?

கடல் கடந்த நம்மவரை நினைப்போம்

ஏற்கப்படுதல் எத்தகையது என்பதைத் தமிழரைவிட நன்கறிந்தவர் யார்? 1986 ஆகஸ்டில், கனடாவின் நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால், இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 தமிழர் தத்தளித்தனர். கஸ் டால்ட்டன் என்னும் மீனவரே அவர்களைக் கண்டு காப்பாற்றினார். கற்பிட்டி மீனவருக்கும் அவருக்கும் மொழியில் ஒற்றுமை இல்லை. செய்கையில் ஒற்றுமை உண்டு. ஆனால் அதன்பின் நடந்ததைக் கவனியுங்கள். அப்படகுகள் கரை சேர்ந்த இருபத்தைந்தாவது ஆண்டில், 2011 இல், யாழ்ப்பாணத்தில் பிறந்து சிறு வயதில் கனடா சென்ற ராதிகா சிற்சபேசன் அந்நாட்டுப் பாராளுமன்ற உறுப்பினரானார். அங்கே எல்லாம் இனிமை என்று நாம் சொல்லவில்லை. வெறுப்பும் இழிசொல்லும் அங்கும் உண்டு. ஆயினும் வந்தவருக்கு அவையில் ஆசனம் கிடைத்தது.

மறுபுறம் தமிழ்நாட்டைப் பாருங்கள். 1983 முதல் அங்கே சென்ற ஈழத்தமிழரில் ஐம்பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் 2021 ஆம் ஆண்டிலும் முகாம்களில் இருந்தனர். முகாமில் பிறந்து முகாமில் வளர்ந்து பட்டம் பெற்றவர்கூட அகதியே. 2021 ஆகஸ்டில் அம்முகாம்களுக்கு ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ எனப் பெயர் மாற்றப்பட்டது. நம்மவர் மகிழ்ந்தோம். அகதி என்ற சொல் ஒரு மனிதனைக் குத்துகிறது என்று அன்று மேடையில் பேசினோம். மண்டபத்தில் நம் பிள்ளையைக் குத்தும் சொல், தில்லையடியில் முஸ்லிம் பிள்ளையைக் குத்தாதா?

இன்னும் நெருங்கிப் பார்ப்போம். 1948 ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் பல இலட்சம் பேரை நாடற்றவராக்கியது. சொல்லப்பட்ட காரணம் யாது? ‘அவர்கள் வந்தவர்கள்.’ அந்தக் கறையை முற்றாகக் கழுவும் சட்டம் 2003 இல்தான் வந்தது. கலவரங்களுக்கு அஞ்சி வன்னிக்கு வந்து குடியேறிய மலையக மக்களை வடபுலத் தமிழராகிய நாம் எவ்வாறு அழைத்தோம்? ‘தோட்டக்காட்டார்’ என்றோம். காடு வெட்டிக் கழனியாக்கியவரைக் கூலியாக மட்டும் கண்டோம். ‘வந்தவர்’ என்னும் கத்தி நம் கையில் இருந்தபோது நாமும் அதைச் சுழற்றியவரே. ஆதலின் புத்தளத்தாரை மட்டும் கூண்டில் ஏற்றும் உரிமை நமக்கில்லை.

வடக்குக்கு ஒரு சொல்

2009 இல் போர் முடிந்தபின் சில ஆயிரம் குடும்பங்கள் மன்னாருக்கும் யாழ்ப்பாணத்துக்கும் முல்லைத்தீவுக்கும் மீளத் தொடங்கின. சென்றவர் கண்டதென்ன? கூரையில்லாச் சுவர்கள். வேரோடிய மரங்கள். வேறொருவர் பயிரிடும் காணிகள். 1990 இல் ஒரு குடும்பமாக வெளியேறியவர் இன்று மூன்று, நான்கு குடும்பம். உதவிப் பட்டியலிலோ பழைய குடும்பம் ஒன்றுக்கே இடம். முசலிப் பகுதியில் ஆளில்லாக் காலத்தில் காடு வளர்ந்தது. 2012 இல் அக்காட்டில் ஒரு பகுதி ஒதுக்குக் காடாக அரசிதழில் அறிவிக்கப்பட்டது. தம் பாட்டன் ஊர் என்று அம்மக்கள் சொல்லும் நிலமும் அதில் அடங்கிற்று. மீண்டு வந்தவர் மேல் ‘காடழிப்போர்’ என்ற பெயரும் சேர்ந்தது. புத்தளத்தில் அகதி, பிறந்த ஊரில் ஆக்கிரமிப்பாளன். ஒரு மனிதன் எங்கே போய் நிற்பான்?

யாழ்ப்பாணத்துச் சோனகதெருவில் மீண்டும் கடை திறக்கும் முதியவரிடம், ‘புத்தளத்தில்தான் வீடு கிடைத்துவிட்டதே, இங்கே ஏன் வந்தீர்?’ என்று கேட்கும் தமிழரும் உளர். அவர்களுக்கு நாம் சொல்கின்றோம்: ஐயா, அவருக்கு அங்கே வீடு கிடைத்தது புத்தளத்தாரின் அறம், அவரை இங்கே ஏற்பது உமது கடன். பிறர் செய்த தருமத்தைக் காட்டி நம் கடனைத் தள்ளுபடி செய்துகொள்ளும் தந்திரம் வேண்டாம்.

மீள விரும்புபவர் மீளட்டும். புத்தளத்திலேயே வேரூன்றியவர் அங்கேயே உரிமையோடு வாழட்டும். இரண்டும் அவர்தம் விருப்பம். ‘போ’ என்று விரட்டியதே முதற்குற்றம்; ‘போய்விடு’ என்று இங்கிருந்தும், ‘வராதே’ என்று அங்கிருந்தும் சொல்வது அக்குற்றத்தின் நீட்சி.

செய்ய வேண்டுவன

வெறும் உபதேசம் எமக்கும் சலிப்பு, உங்களுக்கும் சலிப்பு. ஆகவே கைக்கெட்டிய வேலையைச் சொல்கின்றோம்.

ஆசிரியர்களே, வருகைப் பதிவேட்டைப் பார்த்து அழைக்கும்போது, எந்த முகாம் என்று கேட்பதை நிறுத்துங்கள். பிள்ளையின் பெயர் போதும். வகுப்பில் அச்சொல் எழுந்தால், அது எப்படி வந்தது என்ற வரலாற்றைச் சொல்லிக் கொடுங்கள். 1990 இல் நடந்தது என்னவென்று வடக்குப் பாடசாலையிலும் சொல்லுங்கள். தமிழ்ப் பிள்ளைகள் முதலில் அறிய வேண்டியது அதுவே.

சட்டத்தரணிகளே, காணி உறுதி தொலைந்தவருக்கும் எரிந்தவருக்கும் மாதத்தில் ஒரு நாள் கூலியின்றி ஆலோசனை சொல்லுங்கள். தகப்பன் பெயரிலிருந்த காணி மகனுக்கு வருவதற்கு எத்தனை பத்திரம் வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும்; அவருக்குத் தெரியாது.

அரசாங்க உத்தியோகத்தரே, ‘இந்த வேலை உங்கள் மாவட்டத்தில்’ என்று புத்தளத்திலும், ‘நீங்கள் இப்போது அந்த மாவட்டம்’ என்று வடக்கிலும் மக்களைப் பந்தாட வேண்டாம். ஒரு கடிதம் எழுதி இரு அலுவலகங்களும் பேசிக்கொள்ளலாம். முதியவர் ஒருவரின் ஒரு நாள் கூலியும் பேருந்துச் செலவும் மிஞ்சும்.

கமக்காரரே, உங்கள் அமைப்பின் அடுத்த கூட்டத்துக்கு அயல் குடியேற்றத்தில் பயிரிடும் நால்வரை அழையுங்கள். தேநீருக்கு அழைப்பதோடு நில்லாது, உறுப்பினராகச் சேருங்கள். கிணற்றின் ஆழத்தையும் உரத்தின் அளவையும் பற்றி அவர்களையும் பேசவிடுங்கள். கூலி இருவருக்கும் ஒன்றாகட்டும்.

வந்து குடியேறிய சோதரரே, உங்களிடமும் ஒரு விண்ணப்பம். உங்களை ஏற்ற ஊரின் ஏழை உங்களைவிட ஏழையாக இருந்த நாட்கள் உண்டு. அவனுக்குக் கிடைக்காதது உங்களுக்குக் கிடைத்த நாட்களும் உண்டு. உங்களுக்கெனத் தனிச் சங்கம், தனித் தலைவர், தனி வாக்கு என்ற வேலியை நீங்களும் உயர்த்த வேண்டாம். உங்கள் பிள்ளைக்கு ஆசிரியர் கேட்கும்போது ஊர்ப் பிள்ளைக்கும் சேர்த்துக் கேளுங்கள்.

‘புதிய அளம்’ என்பதே புத்தளம் ஆயிற்று என்று ஊர்ப் பெயருக்குப் பொருள் சொல்வோர் உண்டு. எங்கிருந்தோ கட்டி வந்த நீர் காய்ந்து, உப்பாக விளைவதுதான் அளம். பாத்தியில் நீரைக் கட்டியபின், இது எங்கிருந்து வந்த நீர் என்று எவரும் பிரிப்பதில்லை. விளைந்த உப்புக்குப் பெயர் புத்தளத்து உப்பு.

மக்களுக்கும் அப்பெயரே போதும். மூன்று தலைமுறை சுமந்த சொல்லை இனி இறக்கி வையுங்கள். அடுத்த பிள்ளை பிறக்கும்போது அதன் தாயிடம் ‘எந்த முகாம்?’ என்று கேளாதீர்கள். ‘பிள்ளைக்கு என்ன பெயர்?’ என்று கேளுங்கள்.